கவனமும் ஞாபகமும்

கவனித்ததெல்லாம் மனத்திற் பதியும் என்பது ஆசிரியர் பலரின் நெடுநாள் நம்பிக்கை. அதனை அசைத்தவர் ஹென்றி மொலேசன் என்னும் அமெரிக்கர். கடும் வலிப்பு நோயால் வருந்திய அவருக்கு 1953ஆம் ஆண்டிலே வில்லியம் ஸ்கோவில் சத்திர சிகிச்சை செய்து, மூளையின் இருபுறத்தும் ஹிப்போகாம்பசின் ஒரு பகுதியையும் அதனைச் சூழ்ந்த இழையங்களையும் அகற்றினார். வலிப்புத் தணிந்தது, புதிய நிகழ்ச்சிகளை ஞாபகத்திற் கொள்ளும் ஆற்றலும் ஒழிந்தது.

அவரை ஆராய்ந்த உளநூலறிஞர் பிரெண்டா மில்னர், 584 என்னும் எண்ணை நினைவில் வைத்திருக்குமாறு ஒருமுறை பணித்தார். கால்மணி நேரத்தின் பின்னும் மொலேசன் அதனைப் பிழையின்றிச் சொன்னார். எட்டை மட்டும் பற்றிக்கொண்டு, இலக்கங்களின் கூட்டுத்தொகையாகிய 17இலிருந்து அதனைக் கழித்து, எஞ்சிய 9ஐ 5, 4 எனப் பிரித்து, இடைவிடாது கணித்திருந்தாராம். பரீட்சை மண்டப வாயிலில் மாணவர் முணுமுணுப்பதும் ஏறக்குறைய இத்தகையதே. கவனம் வேறிடம் திரும்பி ஒரு நிமிடம் கழிந்தது. எண் மட்டுமன்று, எண்ணொன்று தரப்பட்டது என்ற செய்தியே அவரிடம் இல்லை.

கவனம் பழுதின்றி இருந்தது. அது ஏந்தியதை நிலைப்படுத்தும் உறுப்பே இல்லாதொழிந்தது. இரண்டும் வெவ்வேறு தொழில்கள் என்பது இதனாற் புலனாயிற்று. 1957இல் இருவரும் வெளியிட்ட கட்டுரை அவரை ‘எச். எம்.’ என்றே குறித்தது. முழுப்பெயர் 2008இல் அவர் இறந்தபின்னரே உலகறிய வெளியாயிற்று.