கத்தும் போப்பாண்டவரும் கல்லூரிப் பக்கமே போகாத ஓவியரும்

மஞ்சள் கோடுகளால ஆன ஒரு நாற்காலி. அதுல ஊதா நிற அங்கி போட்ட போப்பாண்டவர் உக்காந்திருக்கார். ஆசி எல்லாம் வழங்கலை. வாயைப் பிளந்து கத்திக்கிட்டு இருக்கார். மேலேர்ந்து கீழே மழை மாதிரி கோடு கோடா ஒரு திரை அவர் மேலேயே விழுது. 1953ல் பிரான்சிஸ் பேக்கன் வரைந்த ஓவியம் இது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்துல, டெமாய்ன் கலை மையத்தில் இருக்கு. நெட்டில் தேடிப் பாருங்க மக்களே, ஆனா ராத்திரி தூங்கப் போற நேரத்துல வேணாம் :-)

இதோட மூலம் முந்நூறு வருஷம் பழசு. 1649ல் ஸ்பெயின் மன்னருக்குக் கலைப்பொருள் வாங்க ரோம் போனார் வெலாஸ்கெத். போன இடத்தில் 1650ல் போப் பத்தாம் இன்னொசென்ட்டை வரைந்தார். சிவப்பு நாற்காலி, சிவப்புத் திரை, சிவப்புத் தொப்பி, சிவப்பு மேலங்கி. நடுவுல, யாரையும் லேசுல நம்பாத ஒரு கிழவரின் பார்வை. "ரொம்பத்தான் நிஜமா இருக்கு"ன்னு போப்பே சொன்னதா ஒரு கதை உண்டு. பரோக் காலத்து ஓவியத்துல இந்த மாதிரி ஒரு முகம் அபூர்வம். சீர்திருத்தச் சபைகள் சாமி படமே வேணாம்னு கிளம்பினப்ப, கத்தோலிக்கத் திருச்சபை நேர் எதிரா, பார்க்கிறவன் நெஞ்சைப் பிடிச்சு உலுக்குற மாதிரி வரைங்கன்னு ஓவியர்களை ஊக்குவிச்ச காலம் அது. ரத்தம், கண்ணீர், வெளிச்சம், இருட்டு எல்லாமே நாடகம்தான்.

இந்த நாடகத்தை இருபதாம் நூற்றாண்டில் கையில எடுத்தவர் கத்தோலிக்கரும் இல்ல, ஓவியக் கல்லூரியில படிச்சவரும் இல்ல. பேக்கன் 1909ல் டப்ளினில், ஆங்கிலேய புராட்டஸ்டன்ட் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா ஓய்வு பெற்ற ராணுவ கேப்டன், பந்தயக் குதிரைகளைப் பழக்குறவர். பையனுக்கோ ஆஸ்துமா, குதிரை கிட்ட வந்தாலே மூச்சு முட்டும். ஒழுங்கான பள்ளிப் படிப்பும் கிடையாது. 1926ல், பதினாறு வயசுல, அம்மாவோட உள்ளாடையைப் போட்டுப் பார்த்ததைக் கண்டு அப்பா வீட்டை விட்டே துரத்திட்டார். லண்டன், பெர்லின், பாரிஸ்னு சுத்தினார். பாரிஸில் 1927ல் பிக்காசோ கண்காட்சி பார்த்துத்தான் நாமும் வரையலாம்னு தோணியிருக்கு. பக்கத்துல ஷான்டியில பூசான் வரைந்த 'குழந்தைகள் படுகொலை'யையும் பார்த்தார். அதுல குழந்தையைக் காப்பாத்தத் தவிக்கிற தாயின் கத்தல் அவர் மனசுல அப்படியே தங்கிடுச்சு. கூடவே, வாய் நோய்கள் பற்றிய ஒரு பழைய மருத்துவப் புத்தகத்தையும் வாங்கிட்டு வந்தார். கலர் படத்தோட! இவரோட பாடத்திட்டம் இப்படித்தான் இருந்துச்சு.

அப்புறம் கொஞ்ச நாள் லண்டனில் நாற்காலி, கம்பள விரிப்பு டிசைன் பண்ணிப் பிழைப்பு. 1933ல் ஒரு 'சிலுவையேற்றம்' வரைந்தார், பேர் கிடைச்சது. 1934ல் தனிக் கண்காட்சி வெச்சார், படுத்துடுச்சு. 1936ல் லண்டன் சர்ரியலிசக் கண்காட்சிக்குப் படம் கொடுத்தா, போதுமான அளவு சர்ரியலா இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பத்து வருஷம் கிட்டத்தட்ட காணாமப் போன மாதிரிதான். திரும்பி வந்தது 1945 ஏப்ரலில், 'சிலுவையடியில் நிற்கும் உருவங்களுக்கான மூன்று வரைவுகள்' என்ற படங்களோட. சிலுவையடியில் மாதாவும் யோவானும் நிற்கிற இடத்துல, ஆரஞ்சு நிறப் பின்னணியில், கழுத்து நீண்டு பல்லைக் காட்டுகிற மூணு ஜந்துக்கள். போர் முடியிற நேரம், நாஜி முகாம் புகைப்படங்கள் வெளியே வந்துக்கிட்டிருந்த நேரம். பார்த்தவங்க ஆடிப்போயிருக்காங்க.

சாமி நம்பிக்கை இல்லாத மனுஷனுக்கு எதுக்குய்யா சிலுவை? கேட்டதுக்கு அவர் பதில் தெளிவா இருந்துச்சு. தனக்கு அது மதம் இல்ல, ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனுக்கு என்ன செய்வான்ங்கிறதுக்கு உதாரணம். நம்ம உணர்ச்சியைத் தொங்கவிட ஏத்த ஒரு சட்டகம். நான் இதை ஒத்துக்கிறேன். ஐரோப்பிய ஓவியத்துல வலிக்குன்னு ஏற்கனவே எழுதி வெச்ச மொழி அதுதான், அவர் புதுசா ஒண்ணு கண்டுபிடிக்க மெனக்கெடலை.

போப் விஷயம்தான் இதுல ரொம்ப சுவாரஸ்யம். 1940களின் கடைசியில ஆரம்பிச்சு 1960கள் வரைக்கும் நாற்பதுக்கும் மேல போப் வரைந்திருக்கார். எல்லாம் புத்தகத்தில் அச்சான வெலாஸ்கெத் படத்தைப் பார்த்து. அதோட பன்னிரண்டாம் பயஸின் பத்திரிகைப் புகைப்படங்கள், 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' சினிமாவில் கண்ணாடி உடைஞ்சு கத்துற பெண்மணி எல்லாம் கலந்து. 1954ல் ரோமுக்கே போறார். ஒரிஜினல் அங்கதான், தோரியா பாம்ஃபீலி மாளிகையில தொங்குது. பொடி நடையா போய்ப் பார்த்திருக்கலாம். போகலை! தான் அந்தப் படத்தை இவ்வளவு நோண்டின பிறகு நிஜத்தை நேர்ல பார்க்கப் பயமா இருந்துச்சுன்னு பின்னாடி ஒரு பேட்டியில் சொல்லியிருக்கார். அந்த போப் படங்களே அசட்டுத்தனம், வரைஞ்சிருக்கக் கூடாதுன்னும் சொல்லியிருக்கார்.

பந்தான்னு நினைக்கத் தோணும், எனக்கு அப்படித் தோணலை. கல்லூரியில படிச்சவனுக்கு மியூசியத்துல போய் ஒரிஜினலைப் பார்த்து நகல் எடுக்கிறது பாடத்துல ஒரு பகுதி. இவருக்கு வாத்தியாரே அந்த அச்சுப் படம்தான். கசங்கி, பெயிண்ட் சிந்தி, பாதி கிழிஞ்ச ஒரு தாள். ஒரிஜினல் முன்னாடி போய் நின்னா அந்தத் தாள் செத்துப்போயிடும்.

ஆனா "தானே கத்துக்கிட்டவர்"ங்கிற பிம்பத்துல அவர் கைவேலையும் கொஞ்சம் இருக்கு. ராய் டி மெய்ஸ்ட்ரேங்கிற ஆஸ்திரேலிய ஓவியர் 1930 வாக்கில் எண்ணெய் வண்ண நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுத்திருக்கார். 1944க்கு முன்னாடி வரைந்ததில் பெரும்பகுதியை பேக்கனே அழிச்சிட்டார். முன்வரைவு போடுற பழக்கமே இல்லை, நேரா கேன்வாஸ்தான்னு கடைசி வரைக்கும் சாதிச்சார். நம்மாளுங்க கமென்ட் எல்லாம் அழிச்சிட்டு "ஒரே மூச்சுல அடிச்ச கோட்"னு சொல்றதில்லையா, அந்த மாதிரி. 1992ல் மாட்ரிட் மருத்துவமனையில, கன்னியாஸ்திரிகள் கவனிப்பில், மாரடைப்பால் இறந்தார். அதுக்கப்புறம் வரைவுகள் வெளியே வர ஆரம்பிச்சது. 1998ல் லண்டன் டேட் மியூசியமே கொஞ்சம் வாங்கிச்சு.

அதே 1998ல் அவரோட லண்டன் ஸ்டூடியோவை, தொல்லியல் ஆட்களை வெச்சு குப்பை குப்பையா அளந்து குறிச்சு, சுவர், தரை, தூசியோட டப்ளின் ஹியூ லேன் கேலரிக்குக் கொண்டு போனாங்க. 2001ல் திறந்தாங்க. ஏழாயிரத்துக்கும் மேல பொருட்கள். புத்தகத்திலிருந்து கிழிச்ச தாள்கள் மட்டும் சுமார் 1,300. வரைவுகள் ஒரு எழுபது. அவரே கத்தியால கிழிச்சுப் போட்ட கேன்வாஸ் நூறு. அதுல பலதில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை.