பிபிசி பேக்ஸ்டேஜ்: ஒலிபரப்பாளரின் தரவும் தன்னார்வ நிரலர்களும்

பிபிசி பேக்ஸ்டேஜ் என்பது பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் தன் செய்தித் தலைப்புகளையும் நிகழ்ச்சிப் பட்டியலையும் சாலைப் போக்குவரத்துத் தகவலையும் கணினி படிக்கக்கூடிய வடிவில் திறந்துவிட்டு, அவற்றை வைத்துச் சொந்தமாக ஏதாவது செய்துபார்க்கும்படி வெளி நிரலர்களை அழைத்த திட்டம். 2005 மே மாதம் சோதனை முறையில் தொடங்கியது. ஜூலையில் லண்டனில் நடந்த ஓப்பன்டெக் மாநாட்டில் முறையாக அறிமுகமானது. 2010 டிசம்பரில் மூடப்பட்டது. தொடக்கத்தில் பென் மெட்கால்ஃபும் பின்னர் இயன் ஃபாரெஸ்டரும் அதை நடத்தினார்கள். சம்பளமோ ஒப்பந்தமோ கிடையாது. எங்களிடம் இருப்பதை எடுத்து உங்களுக்கு வேண்டியதைச் செய்துகொள்ளுங்கள் என்பதே அழைப்பின் சாரம். ஒலிபரப்பு நிறுவனம் ஒன்று தன்னார்வ நிரலர்களைத் தேடிப்போன தொடக்க கால முயற்சிகளில் பெரியது இதுதான். அப்படிப் போவதில் எது பலிக்கும், எது பலிக்காது என்பதும் இதன் வரலாற்றில் தெரிகிறது.

எத்தனை மணிக்கு எந்த நிகழ்ச்சி என்கிற சாதாரணத் தகவல் பிரிட்டனில் நெடுங்காலம் பூட்டிவைத்த சொத்தாக இருந்தது. பிபிசியின் வாரப் பட்டியல் ‘ரேடியோ டைம்ஸ்’ இதழில் மட்டும் வரும். அதன் போட்டியாளரான வணிக அலைவரிசை ஐடிவியின் பட்டியல் ‘டிவி டைம்ஸ்’ இதழில் மட்டும் வரும். வாரம் முழுவதற்கும் தெரிய வேண்டுமென்றால் இரண்டையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். நாளிதழ்களுக்கு அன்றன்றைய பட்டியல் நிபந்தனையோடு கிடைத்தது. 1986-இல் அயர்லாந்தில் ‘மகில்’ என்ற வெளியீட்டு நிறுவனம் எல்லா அலைவரிசைகளின் வாரப் பட்டியலையும் ஒரே இதழில் அச்சிட முனைந்தபோது, பிபிசி உள்ளிட்ட ஒலிபரப்பாளர்கள் பதிப்புரிமையைக் காட்டி நீதிமன்றத் தடை வாங்கினார்கள். பிரிட்டனில் 1991-இல் சட்டம் இந்த ஏகபோகத்தை முடித்துவைத்தது. மகில் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 1995 ஏப்ரலில் ஒலிபரப்பாளர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதற்குப் பத்து ஆண்டு கழித்து, அடுத்த ஏழு நாள் பட்டியலை இலவசக் கோப்பாக நீட்டி, இதை வைத்து என்ன செய்வீர்கள் என்று பிபிசியே கேட்டது. பேக்ஸ்டேஜ் எவ்வளவு பெரிய மனமாற்றம் என்பது இந்தப் பழங்கதையோடு வைத்துப் பார்த்தால்தான் உறைக்கும்.

மாற்றத்துக்குக் காரணங்கள் பல. பிபிசி விளம்பரத்தால் நடப்பதல்ல. வீடுதோறும் கட்டப்படும் தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தால் நடப்பது. மக்கள் பணத்தில் உருவான தரவு மக்களுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்ற வாதத்துக்கு அங்கே எளிதில் மறுப்புச் சொல்ல முடியாது. 2004-இல் பிலிப் கிராஃப் தலைமையில் நடந்த ஆய்வு பிபிசியின் இணையப் பணியை எடைபோட்டு, அதில் கால் பங்காவது வெளியாரிடமிருந்து வர வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. கழகத்தின் அரச சாசனத்தைப் புதுப்பிக்கும் காலமும் நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம், நிரலர்கள் யாருடைய அனுமதிக்காகவும் காத்திருக்கவில்லை. 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் வந்தவுடனேயே, வெவ்வேறு தளங்களின் தகவலைச் சுரண்டி எடுத்து வரைபடத்தில் பொருத்தும் ‘மேஷ்அப்’ மோகம் பரவியது. தடுத்தாலும் நடக்கப்போகிற காரியம். அதைத் திண்ணையில் உட்காரவைத்துச் செய்யச் சொல்வது மேல் என்ற யோசனை கழகத்துக்குள் இருந்த சிலருக்கு வந்தது.

இதற்குப் பழைய முன்மாதிரி ஒன்றும் இருந்தது. 1980களில் பிபிசி மைக்ரோ என்ற கணினி பிரிட்டிஷ் பள்ளிகளுக்குப் போனபோது, சீஃபாக்ஸ் என்ற தொலைக்காட்சி எழுத்துச் சேவையின் வழியாக அதற்கான நிரல்களே வானலையில் ஒலிபரப்பாயின. தகுந்த இணைப்புக் கருவி இருந்தால் வீட்டு ஆன்டெனாவிலிருந்து மென்பொருளை இறக்கிக்கொள்ளலாம். அப்படி வளர்ந்த பிள்ளைகளில் பலர் 2005-இல் தொழில்முறை நிரலர்கள்.

பேக்ஸ்டேஜ் தந்தவற்றில் முதன்மையானவை புதிய செய்திகளைத் தானாகத் தரும் ஆர்எஸ்எஸ் ஊட்டங்கள், தொலைக்காட்சி வானொலிப் பட்டியல், டிபெக் என்ற கணினி வடிவிலான போக்குவரத்துத் தகவல். இவற்றில் சில முன்பே கிடைத்துக்கொண்டிருந்தவை. புதிதாகக் கிடைத்தது அனுமதி. இலாப நோக்கம் கூடாது, மூலத்தைக் குறிப்பிட வேண்டும், பிபிசியே செய்ததுபோல் காட்டிக்கொள்ளக் கூடாது, தரவு பிழையாக இருந்தாலோ நின்றுபோனாலோ பொறுப்பில்லை என்ற அளவில் உரிமம் சுருக்கமாக இருந்தது. மாலை நேரத்தில் பொழுதுபோக்காக நிரல் எழுதுகிறவரிடம் வழக்கறிஞர் இல்லை. நோட்டீஸ் வந்துவிடுமோ என்ற பயம்தான் அவரை நிறுத்துவது. அந்தப் பயம் போனதே பாதி ஊக்கம். மீதிப் பாதி, கேள்வி கேட்டால் பதில் சொல்ல உள்ளே ஒரு ஆள் இருந்தது. ஒரு கோப்பில் நேரம் ஒரு மணி தள்ளிக் காட்டுகிறது என்று வெளியிலிருந்து ஒருவர் சொன்னால், உரிய துறையைக் கண்டுபிடித்துத் தட்டிக்கேட்பது அந்த ஆளின் வேலை. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் கழகத்தில் அது லேசான வேலையல்ல. ஒலிபரப்பாளர்கள் பலர், வெளி நிரல்கள் தரவைக் கேட்டுப் பெறும் வாசலான ஏபிஐ ஒன்றை வெளியிட்டதோடு கடமை முடிந்ததென்று இருந்துவிடுவதற்கும் பேக்ஸ்டேஜுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான்.

வந்த ஆக்கங்கள் பெரும்பாலும் சிறியவை. நெரிசல், விபத்து, சாலைப்பணி பற்றிய வரிகளை வரைபடத்தில் குத்தூசிகளாக மாற்றியது எல்லோருக்கும் முதலில் தோன்றிய யோசனை. பட்டியல் தரவுக்கென்று 2005-இல் ஒரு போட்டி நடந்தது. அதில் ‘மைட்டிவி’ என்ற தளம் வென்றது. தனக்குப் பிடித்த நிகழ்ச்சிகளைத் தேடிக் குறித்துவைத்துக்கொள்ள அது உதவியது. இன்று எந்தச் செயலியிலும் இருக்கிற வசதிதான் அது. அன்று பிபிசியின் சொந்தத் தளத்தில் அது இல்லை.

ஒலிபரப்பாளருக்கு உவப்பில்லாத ஆக்கங்களும் வரும். 2006-இல் ஒரு தனி நிரலர் உருவாக்கிய ‘நியூஸ் ஸ்னிஃபர்’ பிபிசியின் செய்தி ஊட்டங்களைத் தொடர்ந்து கவனித்து, வெளியான செய்தி பின்னர் சத்தமில்லாமல் எப்படித் திருத்தப்பட்டது என்பதை வரிக்கு வரி ஒப்பிட்டுக் காட்டியது. தலைப்பு காலையில் ஒன்று, மதியம் வேறொன்று. நீக்கிய சொல் ஒரு நிறத்தில், சேர்த்த சொல் இன்னொரு நிறத்தில். எந்த ஆசிரியர் குழுவும் விரும்பிக் கேட்டிருக்கக்கூடிய கருவி அல்ல இது. தரவைத் திறக்கிறவர் இதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். மெச்சுகிற ஆக்கத்துக்கு மட்டும் இடமென்றால் தன்னார்வலர் வரமாட்டார்.

ஆட்களை நேரில் கூட்டுவது இன்னொரு வழி. 2007 ஜூன் 16, 17 தேதிகளில் யாஹூ நிறுவனத்தோடு சேர்ந்து லண்டன் அலெக்சாண்ட்ரா அரண்மனையில் பேக்ஸ்டேஜ் ‘ஹேக் டே’ நடத்தியது. பிபிசி 1936 நவம்பரில் தன் முறையான தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கிய கட்டடம் அது. நூற்றுக்கணக்கானோர் மடிக்கணினியும் மின்கம்பியுமாக உட்கார்ந்திருந்தபோது இடி விழுந்தது. தீயணைப்பு ஏற்பாடு இயங்கி, புகை போவதற்கான கூரைக் கதவுகள் தாமாகத் திறந்துகொண்டன. உடனே மூடவும் முடியவில்லை. மண்டபத்துக்குள்ளேயே மழை பெய்தது. உள்ளே குடை விரிந்தது. எல்லோரையும் வெளியேற்றி, பிறகு திரும்ப அழைத்தார்கள். கலந்துகொண்டவர்கள் அங்கே என்ன நிரல் எழுதினோம் என்பதைவிட அந்த மழையைத்தான் அதிகம் நினைவுகூர்கிறார்கள். 2008 ஜூனில் அதே இடத்தில் ‘மேஷ்ட்’ என்ற பெயரில் அடுத்த கூட்டம் நடந்தது. இத்தகைய கூட்டங்களில் இரவெல்லாம் விழித்து எழுதியவற்றில் பெரும்பகுதி அடுத்த வாரமே கைவிடப்படும். ஆனால் தரவைத் தயாரிக்கிறவரும் அதைப் பயன்படுத்துகிறவரும் ஒரே மேசையில் உட்காரும்போது, கோப்பில் எங்கே குளறுபடி என்பது ஒரு பிற்பகலில் தெரிந்துவிடும்.

பேக்ஸ்டேஜின் பக்கத்திலேயே, ஒருவகையில் அதைவிட ஆழமாக, இன்னொரு வேலை நடந்தது. 2006-இல் பிபிசி தன் உள் ஆவணக் காப்பகத்தின் பட்டியலை, 9 லட்சத்துக்கு மேற்பட்ட நிகழ்ச்சிப் பதிவுகளோடு, சோதனைத் தளமாக வெளியிட்டது. 2007-இல் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் நிலையான தனி இணைய முகவரி தரும் திட்டம் வந்தது. முகவரியின் கடைசியில் எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று இருக்கும். எண்களும் ஆங்கில மெய்யெழுத்துகளும் மட்டும் அதில் வரும். உயிரெழுத்துகளை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். தானாக உருவாகும் லட்சக்கணக்கான குறியீடுகளில் எங்காவது ஒரு கெட்ட வார்த்தை அமைந்துவிடக் கூடாதே என்பதற்காக! மனிதர் பார்க்கும் அந்த முகவரியின் முடிவில் ஜேசன் அல்லது எக்ஸ்எம்எல் என்ற பின்னொட்டைச் சேர்த்தால் அதே பக்கம் கணினிக்கான தரவாகக் கிடைத்தது. தனி வாசல், தனிக் கடவுச்சொல் எதுவும் வேண்டாம். இசைக் கலைஞர்களின் பக்கங்களுக்கு, தன்னார்வலர்கள் தொகுத்த மியூசிக்பிரெயின்ஸ் தரவுத்தளத்தின் அடையாள எண்களையே பிபிசி எடுத்தாண்டது. அதாவது வெளியார் பிபிசியின் தரவில் கட்டியதோடு, பிபிசியும் வெளியாரின் தரவில் கட்டத் தொடங்கியது.

இப்படித் திறப்பதற்குத் தடைகளும் இருந்தன. எல்லாத் தரவும் ஒலிபரப்பாளரின் சொந்தமல்ல என்பது முதல் தடை. நாடகத்தில் நடித்தவர், பாடல் எழுதியவர், படம் எடுத்தவர், விளையாட்டுச் சங்கம் என்று ஒரே நிகழ்ச்சியில் பல கைகளின் உரிமை இருக்கிறது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கங்களின் ஆட்ட அட்டவணைக்கே கட்டணம் வசூலிக்கப்பட்டது. வெறும் அட்டவணைக்கு அத்தகைய உரிமை இல்லையென்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது 2012 மார்ச்சில்தான். ஆகவே தலைப்பும் நேரமும் சுருக்கமும் திறந்தன. ஒலியும் காட்சியும் பெரும்பாலும் திறக்கவில்லை.

இரண்டாவது தடை வீட்டுக்குள்ளேயே இருந்தது. உயர்துல்லியத் தொலைக்காட்சிச் சேவை வரும்போது, நிகழ்ச்சி உரிமையாளர்களின் நெருக்குதலால், வானலையில் வரும் நிகழ்ச்சி வழிகாட்டித் தரவைச் சுருக்கக் குறியீட்டில் அனுப்பி, அதை விரிக்கும் அட்டவணையை நகல் தடுப்புக்கு ஒத்துக்கொண்ட கருவித் தயாரிப்பாளர்களுக்கு மட்டும் தர பிபிசி அனுமதி கேட்டது. ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2010 ஜூனில் சம்மதித்தது. திறந்த மூல மென்பொருளால் வீட்டிலேயே பதிவுக் கருவி செய்துகொண்டவர்களுக்கு இது கதவடைப்பு. பேக்ஸ்டேஜ் இன்னும் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. ஒரு துறை பட்டியலை இலவசமாகக் கொடுக்க, இன்னொரு துறை அதே பட்டியலுக்குப் பூட்டுப் போட்டது. இரட்டை வேடம் என்று நிரலர்கள் சொன்னதைத் தவறென்று தள்ள முடியாது.

மற்ற ஒலிபரப்பாளர்களும் இந்தப் பாதையில் வந்தார்கள். அமெரிக்காவின் பொது வானொலியான என்பிஆர் 2008 ஜூலையில், 1995 முதலான தன் செய்திக் கதைகளை ஏபிஐ வழியே திறந்தது. அதன் முதல் ஆண்ட்ராய்டு செயலியை எழுதியவர் கூகுளின் பொறியாளர் ஒருவர். தன் வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சொந்த முயற்சிக்குச் செலவிடலாம் என்ற கூகுளின் வழக்கத்தைப் பயன்படுத்தி அதை எழுதினார். செயலி 2009-இல் திறந்த மூலமாகவே வெளிவந்தது. ஆனாலும் என்பிஆரின் ஏபிஐயை அதிகம் பயன்படுத்தியது வெளி நிரலர்கள் அல்ல. என்பிஆரும் அதன் உறுப்பு நிலையங்களும்தான். சுவீடன் வானொலி தன் அலைவரிசை, நிகழ்ச்சிப் பட்டியல், பாடல் விவரம் ஆகியவற்றைத் திறந்த ஏபிஐயாகத் தருகிறது. அல் ஜசீரா 2009 ஜனவரியில் காசா போர்க் காட்சிகளை, மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. அது தரவு அல்ல, காட்சியே.

பேக்ஸ்டேஜ் மூடப்பட்டபோது, நோக்கம் நிறைவேறியது, திறந்த தரவு என்ற எண்ணம் கழகத்துக்குள் வேரூன்றிவிட்டது என்பது சொல்லப்பட்ட காரணம். அதில் பாதி உண்மை. தரவு சில காலம் தொடர்ந்து கிடைத்தது. பதில் சொல்ல இருந்த ஆள்தான் இல்லாமல் போனார். 2012-இல் தொடங்கிய கனெக்டட் ஸ்டுடியோ வெளியாரை அழைத்தாலும், நிறுவனங்களிடம் காசு கொடுத்து முன்மாதிரி வாங்குவதாகவே அது இருந்தது.

தன்னார்வலருக்கான இடம் வேறொரு பக்கம் திறந்தது. 2014 அக்டோபரில் பிபிசி வெளியிட்ட ‘ஜீனோம்’ தளம், 1923 முதல் 2009 வரையிலான ‘ரேடியோ டைம்ஸ்’ இதழ்களை ஸ்கேன் செய்து, 40 லட்சத்துக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளின் பட்டியலைத் தேடக்கூடியதாக்கியது. மங்கிய அச்சைக் கணினி தப்பும் தவறுமாகப் படித்திருந்ததால், திருத்தும் வேலை வாசகரிடம் விடப்பட்டது. ஒரு நடிகரின் பெயரில் ஓர் எழுத்து பிசகியிருந்தால் யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி அனுப்பலாம். கடைசி நேரத்தில் நிகழ்ச்சி மாறியிருந்தால், அச்சில் உள்ளது இது, உண்மையில் ஒலிபரப்பானது அது என்றும் தெரிவிக்கலாம். முன்பு நீதிமன்றத் தடை வாங்கிக் காத்த அதே வாரப் பட்டியல்களின் வரிகள்தான் இப்படி முன்பின் தெரியாதவர்களின் கையால் திருத்தம் பெறுகின்றன.