போர் வராத நாள்களின் உழைப்பு: பிரிட்டனின் துணை விமானப்படை ரேடார் பிரிவுகள், 1946–1961

படைகளின் வரலாறு பெரும்பாலும் போர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. இரு போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகள், அடுத்த போருக்கான முன்னுரையாக ஓரிரு பக்கங்களில் முடிந்துவிடும். போரையே காணாமல் தோன்றி மறைந்த ஒரு படைப்பிரிவுக்கு இத்தகைய வரலாற்றில் இடமே இராது. பிரிட்டனின் அரச துணை விமானப்படையில் இயங்கிய போர்விமானக் கட்டுப்பாட்டுப் பிரிவுகளும் ரேடார் அறிவிப்புப் பிரிவுகளும் அத்தகையவை. அவை எதிரி விமானம் எதனையும் எதிர்கொள்ளவில்லை. அவற்றின் பெயரில் ஒரு வெற்றியும் இல்லை. எனினும், அமைதிக்காலத்தில் ஒரு படை உண்மையில் என்ன செய்கிறது என்னும் கேள்விக்கு அவற்றைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

துணை விமானப்படை 1920களின் நடுவில் தோன்றியது. அந்தந்த நகரத்தின் அல்லது மாவட்டத்தின் பெயரைத் தாங்கி, அங்கு வாழ்ந்த குடிமக்களையே உறுப்பினராகக் கொண்டு, வார இறுதிகளில் பயிற்சி பெற்ற அணிகள் அவை. 1940ஆம் ஆண்டின் பிரிட்டன் வான்போரில் இத்தகைய 14 அணிகள் பங்கேற்றன. போருக்குப் பின் 1946இல் துணைப்படை மீண்டும் அமைக்கப்பட்டது. 1947இல் ‘அரச’ என்னும் அடைமொழியும் பெற்றது. பறக்கும் அணிகள் 20 மீண்டும் உருவாயின. அவற்றோடு, போருக்கு முன்பு இல்லாத ஒரு புதிய வகைப் பிரிவும் சேர்ந்தது. அதன் கருவி விமானம் அன்று, ரேடார் திரை.

இந்தப் புதுமைக்கான காரணம் போர்க்கால அனுபவத்தில் இருந்தது. 1935 பிப்ரவரி 26இல் டேவென்ட்ரி அருகே நடந்த சோதனையில், வானொலி அலைகளின் எதிரொலியைக் கொண்டு விமானத்தைக் கண்டறிய முடியும் என்பது உறுதியாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் கடற்கரையெங்கும் ரேடார் கோபுரங்கள் எழுந்தன. ஆனால் கோபுரங்கள் மட்டும் நாட்டைக் காக்கவில்லை. ஒருவர் திரையைப் பார்த்து அளவைச் சொல்ல, மற்றொருவர் அதைத் தொலைபேசியில் கேட்டுப் பெரிய வரைபட மேசையில் குறிக்க, வேறொருவர் முரண்பட்ட அறிக்கைகளைச் சலித்து ஒன்றாக்க, இறுதியில் கட்டுப்பாட்டு அலுவலர் தம் போர்விமானங்களுக்கு வழிசொல்லும் மனிதச் சங்கிலி அதன் பின்னால் இருந்தது. அச்சங்கிலியின் கணுக்களில் பெருந்தொகையினர் இளம்பெண்கள். ரேடாரின் வெற்றி என்று சொல்லப்படுவது, பாதிக்கு மேல் இந்தச் சங்கிலியின் வெற்றியே.

போர் முடிந்ததும் சங்கிலி கலைந்தது. பயிற்சி பெற்றோர் வீடு திரும்பினர். பல நிலையங்கள் பராமரிப்பு அளவில் மட்டும் வைக்கப்பட்டன. கருவியைப் பூட்டி வைக்கலாம். மீண்டும் தேவைப்படும்போது பழுதுபார்த்து இயக்கலாம். மனிதத் திறனைப் பூட்டி வைக்க இயலாது. மங்கலான ஒளிப்புள்ளி விமானமா, மேகமா, கடலலையின் எதிரொலியா என்று நொடியில் பிரித்தறியும் கண், சில மாதங்கள் பழகாவிடில் மழுங்கிவிடும். இத்திறனை முழுநேர ஊதியம் இன்றி உயிருடன் வைத்திருக்க அரசு கண்ட வழியே துணைப்படையின் ரேடார் பிரிவுகள்.

3500, 3600, 3700 என்னும் வரிசைகளில் அவற்றுக்கு எண்கள் இடப்பட்டன. 3602 கிளாஸ்கோ நகருக்கு உரியது. 3604 மிடில்செக்ஸ், 3619 சஃபோக், 3620 நார்ஃபோக் மாவட்டங்களுக்கு உரியவை. போர்க்காலத்தில் இதே பணியைச் செய்து திரும்பியவர்கள், கட்டாய ராணுவச் சேவையை முடித்தவர்கள், முன் அனுபவம் ஏதுமில்லாத இளைஞர்கள் எனப் பலதரப்பட்டோர் இவற்றில் சேர்ந்தனர். 1949இல் பெண்களுக்கான துணைப்படைப் பிரிவும் தனிப்பெயர் பெற்றதால், போர்க்காலத்தில் வரைபட மேசையைச் சுற்றி நின்ற பெண்கள், திருமணத்திற்கும் வேலைக்கும் இடையே அந்தத் திறனைத் தொடர வழி பிறந்தது.

அவர்களுடைய ஆண்டு மூன்று அடுக்குகளாக அமைந்தது. வேலை நாள்களின் மாலைகளில் ஊரிலிருந்த தலைமையகத்தில் வகுப்புகள். வார இறுதிகளில் ரேடார் நிலையத்தில் நேரடிப் பயிற்சி. ஆண்டுக்கு ஒருமுறை 15 நாள் முகாம். மாலை வகுப்பில் உண்மையான விமானம் இராது. கற்பனைத் தாக்குதல் ஒன்றின் அளவுகள் வாசிக்கப்படும். மேசையைச் சுற்றி நிற்பவர்கள் நீண்ட கோல்களால் குறிகளை நகர்த்துவார்கள். சுவரில் தொங்கும் கடிகாரத்தின் முகம் ஐந்து நிமிடப் பகுதிகளாகச் சிவப்பு, மஞ்சள், நீலம் என வண்ணம் தீட்டப்பட்டிருக்கும். ஒரு செய்தி வந்த வேளையில் முள் எந்த நிறத்தில் நின்றதோ, அந்த நிறக் குறியே மேசையில் வைக்கப்படும். ஆகவே மேலிருந்து பார்க்கும் அலுவலர், எந்தச் செய்தி புதியது, எது பழையது என்பதை நிறத்தைக் கொண்டே அறிவார். இவ்வளவு எளிய ஏற்பாடு பிழையின்றி நடக்க வேண்டுமாயின், ஒரே செயலை நூற்றுக்கணக்கான முறை செய்து பழகியிருக்க வேண்டும்.

வார இறுதிப் பயிற்சியில் திரையில் உண்மையான விமானங்கள் வரும். துணைப்படையின் பறக்கும் அணிகளும் அதே சனி, ஞாயிறுகளில்தான் பறந்தன. ஒரு விமானம் தாக்குபவராக நடிக்க, மற்றொன்று அதை இடைமறிக்கச் செல்லும். தரையிலுள்ள பகுதிநேரக் கட்டுப்பாட்டு அலுவலர் திசையும் உயரமும் சொல்லி அவற்றைச் சந்திக்க வைப்பார். வானிலும் தரையிலும் இருந்தவர்கள் திங்கட்கிழமை தத்தம் அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டிய குடிமக்கள்.

1949 ஆகஸ்ட் 29இல் சோவியத் ஒன்றியம் முதல் அணுகுண்டைச் சோதித்ததும் இப்பயிற்சியின் பொருள் மாறியது. கொரியப் போரின் பதற்றத்தில், 1951இல் துணைப்படையின் பறக்கும் அணிகள் மூன்று மாத முழுநேரப் பயிற்சிக்கு அழைக்கப்பட்டன. ‘ரோட்டார்’ என்னும் திட்டத்தின்கீழ் பழைய ரேடார் நிலையங்கள் புதுப்பிக்கப்பட்டு, கிழக்குக் கரையோரம் நிலத்தடிக் கட்டுப்பாட்டு அறைகள் எழுந்தன. அவற்றுட் சிலவற்றின் நுழைவாயில் ஓட்டுக்கூரை வேய்ந்த சாதாரண வீடுபோல் தோன்றும். உள்ளே நீண்ட சுரங்கவழி கீழிறங்கும். இத்தனை அறைகளையும் முழுநேரப் படையினரைக் கொண்டு இரவும் பகலும் நிரப்புவது அமைதிக்கால நிதிநிலைக்கு எட்டாதது. போர் மூளும் வேளையில் இரண்டாம், மூன்றாம் பணிமுறைகளை நிரப்பத் துணைப்படையினர் வந்து சேர்வர் என்னும் எதிர்பார்ப்பு திட்டத்தின் உள்ளேயே அடங்கியிருந்தது. 1952 அக்டோபரில் நடந்த ‘ஆர்டென்ட்’ போன்ற பெரும் வான்காப்புப் பயிற்சிகள் அந்த எதிர்பார்ப்பைச் சோதிக்கும் களங்களாயின.

இந்தப் பிரிவுகளின் முடிவை 1957ஆம் ஆண்டோடு இணைத்துச் சொல்வது வழக்கம். அவ்வாண்டு மார்ச் 10இல் துணைப்படையின் பறக்கும் அணிகள் அனைத்தும் கலைக்கப்பட்டன. ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சர் டங்கன் சாண்டிஸின் வெள்ளையறிக்கை, ஏவுகணைகளின் காலம் வந்துவிட்டதென அறிவித்தது. ரேடார் பிரிவுகளும் அதன்பின் படிப்படியாகக் கலைந்து, 1961க்குள் மறைந்தன. ஏவுகணை வந்தது, பகுதிநேரப் படை போயிற்று என்னும் இவ்விளக்கம் பொய்யன்று, ஆனால் முழுமையன்று.

கணக்கு ஒன்றைப் பார்த்தால் மற்றொரு காரணம் புலப்படும். மணிக்கு 250 மைல் வேகத்தில் வரும் குண்டுவீச்சு விமானம் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 4 மைல் கடக்கும். திரையில் கண்டது மேசைக்கு வந்துசேர ஒரு நிமிடம் ஆனாலும் அந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம். மணிக்கு 500 மைல் வேகத்தில் வரும் ஜெட் விமானத்துக்கு அதே ஒரு நிமிடம் 8 மைலுக்கு மேற்பட்ட பிழையாகும். சொல்வோர், கேட்போர், குறிப்போர் என்று நீண்ட சங்கிலியே இப்போது நாட்டின் பலவீனமாயிற்று. இவ்வேளையில்தான் 80ஆம் வகை ரேடார் வந்தது. 200 மைலுக்கும் அப்பால் பார்க்கக்கூடிய அதன் திரையிலிருந்தே, எச்சரிக்கை செய்வதும் போர்விமானத்தை வழிநடத்துவதும் ஒரே நிலையத்தில் இயன்றது. இடைப்பட்ட அறைகள் தேவையற்றுப் போயின. நிலையங்களின் எண்ணிக்கை சுருங்கியது. எஞ்சிய சிலவற்றுக்கு முழுநேரப் படையினரே போதுமானவர் ஆயினர். ஏவுகணை பற்றிய அரசியல் முடிவு இறுதி அடியாக இருக்கலாம். ஆனால் மனிதச் சங்கிலியின் கணுக்கள் ஒவ்வொன்றாகக் கழன்றது அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. துணை விமானப்படை முற்றாக மறையவில்லை என்பதும் இதையே உறுதிசெய்கிறது: கடல்சார் தலைமையகங்களுக்கு உதவும் சில பிரிவுகள் தொடர்ந்தன. அங்கே பகுதிநேர மனிதருக்கு இன்னும் வேலை இருந்தது.

இந்தியாவில் இதே காலத்தில் இதையொத்த சிந்தனை சட்டவடிவம் பெற்றது. 1952ஆம் ஆண்டின் சேமிப்பு மற்றும் துணை விமானப்படைகள் சட்டம் துணை விமானப்படைக்கு வழிவகுத்ததோடு, வான்காப்புச் சேமிப்புப் படை என்னும் வகையையும் பெயரளவில் தனியே குறித்தது. ஆனால் 1950களில் தில்லி, பம்பாய், சென்னை முதலிய இடங்களின் பெயரால் எழுந்த துணைப்படை அணிகள் பறக்கும் அணிகளாகவே அமைந்தன. 1962 போருக்குப் பின், 1963 நவம்பரில் நடந்த ‘சிக்ஷா’ கூட்டுப்பயிற்சிக்கு அமெரிக்காவிலிருந்து நடமாடும் ரேடார்கள் வந்தன. கருவியை வெளியிலிருந்து வரவழைக்கலாம். அதன்முன் அமர்ந்து பழகிய கண்களை அவ்வாறு உடனடியாக வரவழைக்க முடியாது. பிரிட்டனின் வார இறுதித் தொண்டர்கள் 15 ஆண்டுகள் காத்துவைத்தது அந்தக் கண்களையே.

பிரிட்டனின் விமானப்படைப் பிரிவுகள் தம் நடவடிக்கைகளைப் படிவம் 540 என்னும் குறிப்பேட்டில் பதிந்து வந்தன. போர்ச் செயல்களைப் பதிவதற்கென்றே பெயர் கொண்ட ஏடு அது. அமைதிக்காலப் பிரிவொன்றின் ஏட்டில் ஆய்வாளர் தாக்குதலையும் வெற்றியையும் தேடினால் வெறுங்கையோடுதான் திரும்புவார். வருகை, வகுப்பு, முகாம், ஆளெடுப்பு ஆகியவற்றையே செயலாகக் கொண்டு வாசிக்கத் தொடங்கினால், வராத போருக்காகச் சாதாரண மக்கள் தம் வாழ்நாளில் எவ்வளவு நேரத்தைக் கொடுத்தனர் என்பது தெரியவரும். அந்நேரம் வீணானதா என்று கேட்பது எளிது. போர் வராததனாலேயே அதை வீண் எனச் சொல்ல வேண்டுமாயின், காவல் என்னும் தொழிலுக்கே வரலாறு எழுத இயலாமற் போகும்.