பழைய மாணிக்க மோதிரத்தை ஆன்லைனில் வாங்குறீங்களா? ஹால்மார்க் மட்டும் போதாது

ஹால்மார்க் தங்கத்தின் தரத்தைத்தான் சொல்லும். கல்லைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதனால் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்க.

தங்கம்: எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க ஹெச்யுஐடி எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் சரிபாருங்கள். 2021-க்கு முன் வாங்கிய நகையில் இது இல்லாமல் இருக்கலாம்.

எடை: 5 கேரட் கல் என்றால் 1 கிராம். கல்லைக் கழித்த எடைக்கு மட்டும்தான் தங்க விலை கொடுக்கணும்.

கல்: விரிசல்களில் ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் பார்க்க அசத்தும், விலையோ மிகக் குறைவு. பட்டறையில் சூடோ ஆசிடோ பட்டால் கண்ணாடி சிதைந்துவிடும். 10 மடங்கு லென்ஸில் எடுத்த வீடியோ கேளுங்க. உள்ளே குமிழிகளோ நீல மின்னலோ தெரிந்தால் உஷார்!

வீடியோ முழு ஆதாரம் ஆகாது. ஆய்வக அறிக்கை எண்ணை அந்த ஆய்வகத்தின் இணையதளத்திலேயே தேடுங்கள். அறிக்கையே இல்லையா? தங்கத்துக்கு மட்டும் விலை பேசுங்க.