வையைக் கரையில் ஒரு வழக்கு

வையையில் புதுப்புனல் வந்துவிட்டது. நீராடத் திரண்ட மதுரைக் கூட்டத்திலே, தலைவி பறிகொடுத்த வளையும் ஆரமும் ஒரு பரத்தையின் மேனியில் மின்னுகின்றன. தோழியர் கண்டனர், துரத்தினர், தூற்றினர். பரிபாடலின் 20ஆம் பாடல் தீட்டும் காட்சி இது.

துரத்தப்பட்டவள் ஓடி ஒளியவில்லை. திரும்பி நின்றாள். இவற்றை எனக்குத் தந்தவன் உன் கணவனே; கள்வன் அவனே; அவனைப் போய்க் கேள் என்றாள். வழக்கின் உயிர்நாடியையே தொட்டுவிட்டாள்! ஆனால் தீர்ப்பு? இன்பம் நாடிச் செல்லும் கணவனை மனைவியால் தடுக்க இயலுமா என்று கூறி, தலைவியைத்தான் தேற்றினர் சூழ நின்றோர். பொருளை எடுத்துக் கொடுத்தவன் தலைகவிழ்ந்து தப்பினான். பூசலிட்டுக் களைத்தவர்கள் பெண்கள்.

இது ஒரு பாட்டின் கதை மட்டுமா? குறுந்தொகையின் 8ஆம் பாடலிலும் இதையே காண்கிறோம். தலைவி தன்னைப் பழித்தாள் எனக் கேள்வியுற்ற பரத்தை, தலைவியின் பக்கத்தார் செவியில் விழும்படி பேசுகிறாள். எம்மிடம் பெருமொழி பேசியவன், தன் வீட்டில் புதல்வனின் தாய்க்குக் கண்ணாடிப் பாவைபோல் ஆடுகிறானே என எள்ளுகிறாள். இங்கும் வாய்ச்சண்டை பெண்கள் இருவருக்கு. இரு வீட்டு வாயிலும் திறந்திருப்பது அவனுக்கு!

இந்த ஏற்பாட்டுக்கு இலக்கணமும் இருந்தது. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். தலைவன் தலைவியரிடையே தூது செல்லும் வாயில்களாகத் தொல்காப்பியம் எண்ணுவது பன்னிருவரை. பாணனும் பாங்கனும் விருந்தினரும் அவருள் அடங்குவர். தோழி தலைவனைக் கடிந்துரைத்த பாடல்கள் உண்டு, வாயில் மறுத்த பாடல்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் கேட்கிறோம்: கதவை அடைத்தவள் போவதற்கு வேறு வீடு இருந்ததா?

தோழர்களே, சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. வீடு அவனுடையது, வயல் அவனுடையது. மனைவிக்குச் சோறும், மற்றவளுக்கு அணியும் அவன் கையிலிருந்தே வரவேண்டும். அவனைப் பகைத்தால் பிழைப்பு போகும். அவளைப் பகைத்தால் ஒன்றும் போகாது. ஆகவே சினம் அவள்மீது பாய்ந்தது. பெண்ணுக்குப் பெண்ணே பகை என்பார் இதைப் பெண்ணின் பிறவிக் குணம் என்கின்றனர். பிறவிக் குணமன்று, கையறு நிலை!

பிறவிக் குணமாயின் மாதவி எப்படிப் பிறந்தாள்? மணிமேகலைக் காப்பியத்திலே, தான் பெற்ற மகளைப் பத்தினி கண்ணகியின் மகள் என்றே கூறுகிறாள் அவள். கண்ணகியோ, சிலப்பதிகாரத்தில் மதுரையை எரித்தாள். மாதவியைத் தேடிப் பழிதீர்க்கப் புறப்படவில்லை. கோவலனால் துயருற்ற இருவரும் ஒருவரையொருவர் தூற்றாத காப்பியங்களைத் தமிழகம் போற்றுகிறது. ஆனால் தெருவிலே மாதவி என்பதை வசைச்சொல்லாக்கி மகிழ்கிறது!

சட்டமும் நெடுங்காலம் ஆணுக்கே குடைபிடித்தது. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு, பிறன்மனை நயந்தவன்மீது அந்தக் கணவன் வழக்கிட வழிசெய்தது. தவறிய கணவன்மீது மனைவி வழக்கிட வழியில்லை. மனைவி கணவனின் உடைமை என்ற எண்ணத்தில் எழுந்த அந்தப் பிரிவை 2018இல் உச்சநீதிமன்றம் நீக்கியது. இந்து ஆடவர் பல மனைவியரை மணப்பதைச் சென்னை மாகாணம் 1949இல் தடுத்தது. 1955இல் இந்தியச் சட்டமும் தடுத்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு தந்தது தமிழ்நாடு, 1989இல், நாடாளுமன்றம், 2005இல்.

ஏடுகள் மாறின; ஏச்சுகள் மாறினவா? கணவன் வழிதவறினால், அவளல்லவா மயக்கினாள் என்ற பேச்சு இன்றும் வீதியெங்கும் கேட்கிறது. மயங்கியவன் மதியற்ற மழலையா?

மருதப் பாட்டை மாணவர்க்கு நடத்தும் நாம், உவமையின் அழகோடு நின்றுவிடலாகாது. தவறு யாருடையது என்றும் கேட்கச் செய்யவேண்டும். மகளுக்குப் படிப்பும், வேலையும், சொத்தும் கொடுப்போம். காலூன்ற இடமுள்ளவள் இன்னொருத்தியின் கூந்தலைப் பற்றமாட்டாள். குற்றவாளியை நிறுத்திக் கணக்குக் கேட்பாள். வையைக் கரையில் அந்தப் பரத்தை தொடுத்த வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. கூண்டில் ஏறவேண்டியவனை இனியேனும் ஏற்றுவோம்!