பக்கக்காற்றுத் தரையிறக்கம்

பக்கக்காற்றுத் தரையிறக்கம் என்பது ஓடுபாதைக்குக் குறுக்காகக் காற்று வீசும்போது வானூர்தி தரையிறங்குவதைக் குறிக்கும். காற்று வரும் திசையை நோக்கி வானூர்தியின் மூக்கு திருப்பப்பட்டிருப்பதால், அது பக்கவாட்டில் நகர்வது போல் பயணிகளுக்குத் தோன்றும். தரையைத் தொடும் தறுவாயில் விமானி சுக்கானைக் கொண்டு அதனை நேராக்குவார். ஈரமான ஓடுபாதையில் சக்கரங்கள் வழுக்காதிருக்கச் சற்று அழுத்தமாகவே இறக்குவதுண்டு. ஆகவே பயணிகள் உணரும் அதிர்ச்சி எப்போதும் விமானியின் பிழையன்று.

2008 மார்ச் 1 அன்று, எம்மா புயலின்போது, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் தரையிறங்க முயன்ற லுஃப்தான்சா நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320 வானூர்தியின் இடது இறக்கை நுனி ஓடுபாதையில் உரசியது. விமானிகள் உடனே மேலெழும்பி, பின்னர் வேறோர் ஓடுபாதையில் தரையிறங்கினர், எவருக்கும் காயமில்லை. இவ்வாறு தரையிறங்காமல் மீண்டும் மேலெழும்புவது பயணிகளுக்கு அச்சமூட்டினும், அது விமானிகள் பயிற்சி பெற்ற பாதுகாப்பு நடைமுறையே ஆகும்.