தர்பாரியின் காந்தாரம்

தர்பாரி கானடா ராகத்தை அக்பரின் சபையில் தான்சேன் உருவாக்கினார் என்று இந்துஸ்தானி வித்வான்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ரேவா அரசரிடம் பாடிக்கொண்டிருந்த தான்சேன் 1562இல் அக்பரிடம் வந்தார். அக்பரின் சபை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் தம் அயினி அக்பரி நூலில் சபைப் பாடகர்களின் பட்டியலை அவர் பெயரோடுதான் தொடங்குகிறார். அன்று அங்கே ஒலித்தது துருபத் என்னும் பாடல் முறை. அதன் நிதானமும் கம்பீரமும் இன்றும் தர்பாரியை விட்டுப் போகவில்லை.

கர்நாடக சங்கீதம் கற்றுவிட்டு இந்துஸ்தானிக்குப் போன எனக்கு இதன் ஸ்வரங்கள் புதிதல்ல. நம் நடபைரவியின் ஸ்வரங்கள்தான். ஆனாலும் என் குரு எடுத்த எடுப்பில் மேலே போக விடவில்லை. "முதலில் மந்தர ஸ்தாயியில் உட்காரு" என்பார். 'ரி'யில் நின்று, கீழே 'த நி ப' என்று இறங்கி, மறுபடி ஸட்ஜத்துக்கு வரவேண்டும். காந்தாரத்தை நேராகப் பிடிக்கக் கூடாது. மத்யமத்தின் சாயலோடு தொடங்கி மெல்ல அசைத்து, 'க ம ரி ஸ' என்று முடிக்க வேண்டும். இந்த அசைவுக்கு ஆந்தோலனம் என்று பெயர். அடாணாவும் ஏறக்குறைய இதே ஸ்வரங்களில் பிறந்த ராகம்தான். ஆனால் அது மேல் ஸ்தாயியில் துள்ளி ஓடும். தர்பாரியை அந்த வேகத்தில் பாடினால் தர்பாரி போய்விடும்.

துருபத்துக்குப் பின் கயால் என்னும் பாடல் முறை வந்தபோதும் இந்த நிதானத்தைப் பெரியவர்கள் காப்பாற்றினார்கள். உஸ்தாத் அமீர் கான் (1912–1974) மிக விளம்ப காலத்தில் பாடிய தர்பாரி இசைத்தட்டில், ஒவ்வொரு ஸ்வரமும் தன் இடத்துக்கு வந்துசேரக் காத்திருப்பதைக் கேட்கலாம்.

காந்தாரத்தின் அந்த அசைவு எல்லா வாத்தியத்துக்கும் வசப்படாது. அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்துக்குத் தடை போட்டது. அது முப்பது ஆண்டுகள் நீடித்தது. ஸ்வரத்தை வளைக்க அந்தக் கட்டைகளால் முடியாது என்பது அன்று சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அந்த வாத்தியத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் தர்பாரியின் காந்தாரத்தை அதில் வாசிக்கச் சொன்னால், அந்தக் குறை உடனே விளங்கிவிடும்.

'கல்யாணத் தேன் நிலா', 'மலரே மௌனமா' ஆகிய பாடல்கள் வழியாக இந்த ராகம் நம் வீடுகளுக்கும் வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: ஆரோகண அவரோகணத்தை எழுதிக் கொடுப்பதற்கு முன், அந்தக் காந்தாரத்தைப் பாடிக் காட்டுங்கள்.